தவணை சொல்லாத நேர்த்தி

சொன்ன சொல்லை ஒருநாளும் மீறாத குடிகாரர் ஒரேயொருவரைத்தான் நான் கண்டிருக்கிறேன். குடிகாரன் பேச்சு விடிஞ்சால் போச்சு என்று பழமொழி சொன்ன புண்ணியவான் இந்த மெக்சிகோக்காரரோடு பழகியிருக்க மாட்டார். இவருடைய பேச்சு விடிந்தாலும் போகாது. மூன்று மாதம் என்று சொன்னால் மூன்று மாதம் முடிந்த அன்று பின்னேரம்தான் போகும். அவரோடு இருந்த பெரிய தொல்லையே அதுதான்.

நானும் அவரும் மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்தோம். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். தோய்த்துப் பிழிந்த விரிப்பை இரண்டு பேர் இரண்டு மூலையில் பிடித்து, சூடான உருளைகளுக்குள் நேராக விடவேண்டும். மற்றப் பக்கத்தால் அது ஸ்திரி போட்டு மடிந்து வெளியே வரும். ஒரு மூலை நான், மறு மூலை அவர். இப்படியே பல வருஷம். கட்டின மனுஷனின் முகத்தைப் பார்த்ததைவிட இவருடைய முகத்தைத்தான் நான் கூடப் பார்த்திருக்கிறேன்.

கட்டையான, அகலமான ஆள். மேலுதட்டை முழுதாக மூடுகிற மீசை. உருளைச் சூட்டில் நாங்கள் எல்லோரும் வேர்த்து வழிய, அவர் மட்டும் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு நிற்பார். விரிப்பு கொஞ்சம் கோணினாலும் திரும்ப இழுத்து நேராக்குவார்.

"ஆரோ ஒராள் இதில படுக்கப் போறார் அக்கா."

"படுக்கிறவர் மூலையை அளந்து பாத்துப்போட்டே படுக்கப் போறார்? விடும்."

விடமாட்டார்.

அவர் பேசியது ஸ்பானிஷ் பூசிய பிரெஞ்சு. நான் பேசியது மன்னார் பூசிய பிரெஞ்சு. ஒரு பிரெஞ்சுக்காரர் நடுவில் நின்று கேட்டிருந்தால் அழுதிருப்பார். எங்களுக்கு எல்லாம் விளங்கியது. என் காதில் அவர் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழுந்தபடியால் அப்படியே எழுதுகிறேன். எங்களோடு வேலை செய்த றீற்றா அக்காவை நான் கூப்பிடுவதைக் கேட்டு, 'அக்கா' என்பது தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டார். என்னைவிட எத்தனையோ வயது மூத்த மனிதர் கடைசிவரை என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார். அவரை நாங்கள் எங்களுக்குள் நேர்த்திக்காரர் என்போம். காரணம் இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் டிசம்பரில், நத்தார்ப் பண்டிகை மதியச் சாப்பாட்டின்போது சூப்பர்வைசர் எல்லோருக்கும் பிளாஸ்டிக் கப்பில் வைன் ஊற்றிக்கொண்டு வந்தான். இவர் நெஞ்சில் கையை வைத்து, "ஹுராதோ" என்றார். அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற ஸ்பானிஷ்காரர் எல்லோரும் தங்கள் கப்புகளைக்கூட அவருக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டார்கள். இதென்ன மந்திரம் என்று நான் கேட்டேன்.

அவர்களுடைய ஊரில் ஆம்பிளைகள் குவாதலூப்பே மாதாவுக்கு முன்னால், சுவாமியார் சாட்சியாக, இத்தனை மாதத்துக்குத் தொடமாட்டேன் என்று தவணை சொல்லிச் சத்தியம் பண்ணுவார்களாம். அப்படிப் பண்ணியவன் ஹுராதோ. அவனுக்கு யாரும் ஊற்றக் கூடாது, வற்புறுத்தக் கூடாது. வற்புறுத்தினால் பாவம் ஊற்றினவனுக்கு. எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் ஆம்பிளைகளிடம் டொக்டர் வேண்டாம் என்றார் என்று சொல்லிப் பாருங்கள். "டொக்டர் சொல்லுவார் மச்சான், அவரும் பின்னேரத்தில அடிக்கிற ஆள்தான், ஒரு கிளாஸில என்ன வரப்போகுது?" என்று கிளாஸைக் கையில் திணித்துவிடுவார்கள்.

"இந்தச் சட்டத்தை எங்கட மடு மாதாட்டையும் கேட்டு வாங்கோணும்," என்றா றீற்றா அக்கா.

சத்தியத்தில் இருக்கிற காலத்தில் இவரைப்போல ஒரு மனிதரைக் காணக் கிடையாது. ஒரு நத்தாருக்கு என் கையால் செய்த கேக்கில் ஒரு துண்டு கொடுத்தேன். எங்கள் நத்தார்க் கேக்கில் பிராண்டி இல்லாவிட்டால் அது கேக் இல்லை, வெறும் பேக்கரிப் பாண். அவர் வாய்வரை கொண்டுபோய், மோந்து பார்த்து, "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்றார்.

"ஒரு சொட்டு."

"சொட்டும் சொட்டுத்தானே."

கேக்கைப் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுபோனார். குப்பையில் போட்டிருப்பார் என்று நினைத்தேன். பாஸ்காத் திருநாள் முடிந்து ஒரு திங்கட்கிழமை வந்து, "அக்கா, நேற்றுத் தவணை முடிஞ்சுது. கேக் நல்ல கேக்," என்றார். குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தாராம். அந்த வீட்டில் அத்தனை காலமும் ஒருவரையும் தொடவிடவில்லை என்று அவருடைய மனைவி பிறகு எனக்கு முறைப்பட்டா.

ஆனால் சத்தியம் பண்ணப் போகிற நேரம் நடக்கிற பேரத்தில் மீன் சந்தை தோற்றுவிடும். சுவாமியார் ஒரு வருஷத்தில் தொடங்குவார், இவர் ஒரு மாதத்தில் தொடங்குவார். பிறகு விதிவிலக்குகள் வரும். தங்கச்சி பிள்ளையின் ஞானஸ்நானம் நீங்கலாக. உலகக் கோப்பையில் மெக்சிகோ விளையாடுகிற நாட்கள் நீங்கலாக. மெக்சிகோ தோற்றால் அதற்கு அடுத்த நாளும் நீங்கலாக.

ஒருமுறை, "மொன்றியலில ஒரு துளி தொடமாட்டன்," என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்தார். அந்தச் சுவாமியார் பாவம், ஊருக்குப் புதிது. மொன்றியல் ஒரு தீவு என்பது அவருக்கு உறைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே இவர் மெட்ரோவில் ஏறி, ஆற்றுக்கு அடியால் அக்கரையிலுள்ள லவாலுக்குப் போய், ஸ்டேஷனுக்கு வெளியே கொட்டுகிற பனியில் ஒரு மர வாங்கில் குந்தியிருந்து பியர் குடித்துவிட்டு, திரும்ப மெட்ரோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். திங்கட்கிழமை விறைத்துச் சிவந்த காதுகளோடு வந்து இதை எனக்குப் பெருமையாகச் சொன்னார்.

"சரி," என்றேன் நான். "குடிச்சதை லவாலிலேயே விட்டுட்டு வந்தனீரோ, வயித்துக்குள்ள வைச்சுத் தீவுக்குக் கொண்டு வந்தனீரோ?"

அவர் கையில் இருந்த விரிப்பு கோணிக்கொண்டு உருளைக்குள் போனது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுவாமியாரிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். சுவாமியார் தலையில் கையை வைத்துக்கொண்டாராம். அதற்குப் பிறகு லவாலில் குடித்தால், அங்கேயிருந்த அண்ணன் மகன் வீட்டில் படுத்தெழும்பி, வெறி முழுதாக முறிந்த பிறகுதான் ஆற்றைக் கடப்பார். குடிப்பதற்கு இவ்வளவு கஷ்டப்பட்ட மனிதரை நான் வேறு கண்டதில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். தவணை முடிந்த பிறகு சிரிப்பு வராது.

தவணை முடிகிற அன்று வேலை விட்டதும் நேராக டெப்பனர் என்கிற மூலைக் கடைக்குப் பியர் வாங்கப் போவார். அதற்குப் பிறகு வருகிற கிழமைகளில் அவருடைய மூலை ஆடும். காலையிலேயே பெப்பர்மின்ட் வாசம் வரும், அதற்கு அடியால் மற்ற வாசமும் வரும். ஒருநாளும் வேலைக்கு வராமல் விட்டதில்லை, ஆனால் வந்தவர் அவர் இல்லை. ஒருமுறை பஸ் தரிப்பில் விழுந்து நெற்றியில் தையலோடு வந்தார். அவருடைய மனைவி ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவ. நாங்கள் ஸ்திரி போட்டு அனுப்புகிற விரிப்பை அங்கே கட்டிலில் விரிக்கிறவ. அந்த மனுஷி தொழிற்சாலை வாசலில் வந்து நின்று, இவர் நேராக நடந்து வெளியே வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பா. எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வரும்.

"என்ன கோதாரிக்குக் குடிக்கிறீர்?" என்று ஒருநாள் நேரேயே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "வந்த புதிசில நிலத்துக்குக் கீழ ஒரு அறையில நாங்கள் ஆம்பிளைகள் கொஞ்சப் பேர் இருந்தனாங்கள் அக்கா. வெள்ளிக்கிழமை சம்பளம். குடிக்காதவன் தனிய இருக்கோணும். குடிக்கிறவனுக்கு எல்லாரும் இருக்கினம்."

என் மனுஷனும் தன்னுடைய முதல் பனிக்காலத்தைப் பற்றி இதே கதையைத்தான் சொல்லுவார். அந்த அறையில் ஊற்றின போத்தல்தான் வேறு.

பிறகு ஒரு நாள் வந்தது. பளிச்சென்ற வெள்ளை விரிப்பை இருவரும் உயர்த்திப் பிடித்தபோது அதற்கு மேலால் அவருடைய கண்ணைப் பார்த்தேன்.

"உம்மட கண் மஞ்சள்."

"லைற் வெளிச்சம் அக்கா."

"அதே வெளிச்சம் எனக்கும்தானே விழுது? என்ரை கண் மஞ்சளோ?"

றீற்றா அக்கா ஓடிவந்து இமையை இழுத்துப் பார்த்து, "செங்கமாரி!" என்று மஞ்சள்காமாலைக்கு எங்கள் ஊர்ப் பெயரால் தீர்ப்புச் சொல்லி, அடுத்த நாளே கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்த கீழ்க்காய்நெல்லித் தூளைக் கொண்டுவந்தா. இவர் அதையும் மோந்து பார்த்தார். ஏனென்றால் அப்போது சத்தியத்தில் இருந்தார். "நான் ஹுராதோ. ஒரு துளி தொடேல்லை. எனக்கு எப்பிடி நோய் வருத்தம் வரும்?" என்று மாதாவே தன்னை ஏமாற்றிவிட்டதுபோல் கேட்டார். அந்தக் கிழமைக்குள் கால் இரண்டும் வீங்கின. வயிறு முன்னுக்கு வந்தது. ஒருநாளும் திறக்காத அந்தச் சட்டைப் பொத்தான்கள் பூட்ட முடியாமல் போயின. நான் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மனைவியும் வந்தா. அவவின் பிரெஞ்சு எங்களுடையதையும்விட மோசம் என்பதால் நான்தான் பேச்சாளர்.

ஈரல் டொக்டர் சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னா. ஈரல் தழும்பேறி இறுகிவிட்டது, அதனால்தான் வயிற்றில் தண்ணீர் சேர்கிறது. இனியும் குடித்தால் அதிக நாள் இல்லை. அடியோடு விட்டால், மிச்சமிருக்கிற ஈரல் சமாளிக்கும், பல வருஷம் இருக்கலாம்.

"எத்தனை மாதத்துக்கு விடோணும்?" என்றார் இவர்.

"மாதக் கணக்கு இல்லை. இனி ஒருபோதும் குடிக்கக் கூடாது."

"அப்பிடி ஒரு தவணை இல்லை."

டொக்டர் என்னைப் பார்த்தா. நான் சுவரைப் பார்த்தேன். "விட்டுவிடுகிறேன் என்று எனக்கு ஒரு வாக்குத் தாருங்கள்," என்று அந்தப் பெண் கையை நீட்டினா. இவர் தன் கையை மடிக்குள் வைத்துக்கொண்டார்.

"தரமாட்டன்."

மனைவி விம்மி அழத் தொடங்கிவிட்டா. எனக்கு வந்த கோபத்தில் இடம் பொருள் தெரியவில்லை. "ஓம் எண்டு சொல்லித் துலையுமன்! டொக்டரிட்டை எல்லாரும் ஓம் எண்டுதானே சொல்லுறவை!"

"எல்லாரும் பொய் சொல்லுவினம்," என்றார் அமைதியாக. "நான் சொன்னால் செய்யோணும். சாகுமட்டும் எண்டால் எனக்கு ஏலாது. ஏலாததை நான் சொல்லமாட்டன் அக்கா."

குடியால் சாகிறவர்களைக் கண்டிருக்கிறேன். நேர்மையால் சாகப் பார்க்கிற ஒருவரை அன்றுதான் கண்டேன். பிடித்து உலுப்ப வேண்டும்போல் இருந்தது, ஆனால் வயிற்றில் தண்ணீர் எடுக்கக் குழாய் பூட்டியிருந்தார்கள்.

தண்ணீர் எடுத்து, மருந்து கொடுத்து, உப்பைக் குறைத்து அனுப்பிவிட்டார்கள். வேலைக்குத் திரும்பி வந்தார். கையில் இருந்த சத்தியம் ஓகஸ்ட் கடைசியில் முடிகிறது. அதற்குப் பிறகு என்ன என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் நெஞ்சிடியாக இருந்தது. சுவாமியார் தானே முன்வந்து ஒரு வருஷம் என்றார், ஞானஸ்நானம், உலகக் கோப்பை எல்லாவற்றையும் விட்டுத்தருவதாகவும் சொன்னார். இவர் மாட்டேன் என்றுவிட்டார்.

"ஏன் மாட்டீர்?" என்றேன்.

"ஒரு வருசம் எண்டால், அந்த வருசம் முழுக்க நான் கடைசி நாளைத்தான் பாத்துக்கொண்டு இருப்பன். முடியிற நாள் தெரியிறபடியால்தான் எனக்கு விடாய்க்குது. இந்த முறை முடிஞ்சுது எண்டால் நான் குடிப்பன். குடிச்சால் டொக்டர் சொன்னது நடக்கும்." பயந்துபோயிருந்தார். அத்தனை வருஷத்தில் அவர் பயந்து நான் கண்டது அன்றுதான்.

பத்துப் பதினைந்து விரிப்பு உருளைக்குள் போனது. பிறகு திடீரென்று கேட்டார்: "அக்கா, உங்கட மாதாவுக்கு என்னைத் தெரியாது என்ன?"

"எங்கட மாதாவோ? ஏன்?"

"எங்கட குவாதலூப்பே அம்மாவுக்கு என்ரை தந்திரம் எல்லாம் தெரியும். அவ இனி நம்பமாட்டா. நீங்கள் உங்கட மாதாட்டை எனக்காக ஒரு நேர்த்தி வையுங்கோ. தமிழில சொல்லுங்கோ. எவ்வளவு காலம் எண்டு நீங்களே சொல்லுங்கோ. எனக்குச் சொல்லாதையுங்கோ."

நான் விரிப்பை விட்டுவிட்டேன். எங்கள் ஆட்கள் ஒருவருக்காக ஒருவர் நேர்த்தி வைப்பது உண்டுதான். தாய் பிள்ளைக்காக வைப்பா, வருத்தம் மாறினால் பிள்ளை போய் நிறைவேற்றும். ஆனால் இப்படி ஒரு கேஸ் மடுக் கோயிலிலேயே நடந்திருக்காது.

"அது பிள்ளையளுக்கு வைக்கிறது. நீர் என்ன பிள்ளையோ?"

"மனிசியிட்டைக் கேளுங்கோ. அவ அப்பிடித்தான் சொல்லுறா."

ஓகஸ்ட் நடுவில் எங்கள் பங்குக் கோயிலில் மடு மாதா திருநாள். கார்த் தரிப்பிடத்தைச் சுற்றி மாதாவின் சுருவம் பவனி வந்து, ஆசீர்வாதம் முடிந்து, சனம் முழுதும் மண்டபத்தில் பொரித்த ரோல்ஸுக்கு இடிபட்டுக்கொண்டிருந்த நேரம் இவரும் மனைவியும் வந்தார்கள். கழுத்துவரை பூட்டிய புதுச் சட்டை. மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று, தலையைக் குனிந்து, பிறகு நிமிர்ந்து, "சொல்லுங்கோ," என்றார். நான் சொல்லும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஐந்து வருஷம் என்று சொல்லுவதாக வீட்டிலேயே முடிவுபண்ணி வந்திருந்தேன். அவருடைய ஈரலைப் பற்றிச் சொன்னேன், மனைவியைப் பற்றிச் சொன்னேன், அவசரத்தில் என் முழங்கால் வலியையும் சேர்த்துச் சொன்னேன். தவணை சொல்லுகிற இடம் வந்ததும் எனக்கு நாக்கு எழும்பவில்லை. ஐந்து என்றால் அதற்குப் பிறகு குடிக்கலாம் என்று நானே அனுமதி கொடுத்ததாகிவிடும். ஐந்து வருஷம்தான் ஆயுள் என்று சொன்னதும் ஆகிவிடும். பத்து என்றாலும் அதே கதை. நான் ஆர் அதைச் சொல்ல? "அம்மா, நீயே பாத்துக் கொள்," என்று சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு எழும்பினேன்.

"வைச்சிட்டியளோ?"

"வைச்சாச்சு."

"கனகாலமோ?"

"எழும்பி வந்து ரோல்ஸ் தின்னும். உப்பில்லாததாப் பாத்து எடுத்துத் தாறன்."

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனியன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சம்பளம் கையில் வந்ததும், கையுறையைக் கழற்றிக்கொண்டே என் முன்னால் வந்து நிற்பார்.

"அக்கா, முடிஞ்சுதோ?"

"இன்னும் இல்லை."

"மெர்சி," என்று நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்.

இது நேர்வழி. குறுக்குவழிகளும் வைத்திருந்தார். அடுத்த கோடையில் அண்ணன் மகளின் கல்யாணம், வாழ்த்துச் சொல்ல கிளாஸ் எடுக்கலாமா, சும்மா ஒரு யோசனைக்குத்தான் என்பார். "கோலா ஊத்தி எடும்," என்பேன். றீற்றா அக்காவிடம் தமிழ் எண்களைப் பாடமாக்கிக்கொண்டு வந்து, விரிப்பை உருளைக்குள் விடுகிற நேரம் பார்த்து, "ஒண்டு... ரெண்டு... மூண்டு..." என்று ஒவ்வொன்றாகச் சொல்லி என் முகத்தைப் பார்ப்பார், எந்த எண்ணுக்கு நான் திடுக்கிடுகிறேன் என்று. ஏழு என்னும்போது எனக்குத் தும்மல் வந்துவிட்டது. ஒரு மாதமாக ஏழைப் பற்றியே விசாரணை.

என் வீட்டிலும் இதனால் கலவரம். சனிக்கிழமைகளில் விஸ்கி போத்தலோடு இருக்கிற என் மனுஷன் நான் ஜெபமாலையைக் கையில் எடுத்தாலே பதறுவார். "இஞ்சரும், என்ரை பேரையும் சொல்லிக் கில்லி வைச்சுப்போடாதையும்!" நான் ஒன்றும் சொல்லாமல் மாதா படத்தைப் பார்த்து உதட்டை அசைப்பேன். போத்தல் உள்ளே போய்விடும். பொய் சொல்லக் கூடாது, அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது.

மஞ்சள் மெல்ல மெல்லக் கண்ணைவிட்டுப் போனது. சட்டைப் பொத்தான்கள் திரும்பப் பூட்டின. எப்படிச் செய்கிறீர்கள் என்று ஈரல் டொக்டர் ஆச்சரியப்பட்டுக் கேட்டதற்கு, "இவவைக் கேளுங்கோ, எப்ப முடியும் எண்டு இவவுக்குத்தான் தெரியும்," என்று என்னைக் காட்டினார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் விளங்கப்படுத்தப் போகவில்லை, அவ்வளவு பிரெஞ்சு என்னிடம் இல்லை.

ஒரு மாசியில் காய்ச்சலோடு நான் வீட்டில் படுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் கதவு மணி அடித்தது. நாங்கள் இருந்தது லாசாலில். செயின்ட்-மிஷேலில் இருந்து வருவதென்றால் மெட்ரோ மாறி, பஸ் மாறி, பனியில் நடந்து வரவேண்டும். என் மனுஷன் கதவைத் திறந்தால், மீசையெல்லாம் பனி கட்டி இவர் நிற்கிறார்.

"அக்காட்டை ஒண்டு கேக்கோணும்."

எனக்கு உள்ளே கேட்டுவிட்டது. கட்டிலில் கிடந்தபடியே, "இன்னும் இல்லை! போம் வீட்டை!" என்று கத்தினேன்.

"மெர்சி அக்கா!"

உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கச் சொன்னாலும் நிற்கவில்லை. "இதைக் கேக்கவோ இந்தக் குளிருக்குள்ள இவ்வளவு தூரம் வந்த மனுசன்? ஒரு போன் அடிச்சால் காணாதோ?" என்று என் மனுஷன் வாசலிலேயே நின்று அதிசயப்பட்டுக்கொண்டிருந்தார்.

வருஷங்கள் இப்படிப் போயின. மாதாவிடம் நான் சொன்ன முழங்கால் மட்டும் சுகமாகவில்லை. இனி நின்று வேலை செய்ய ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. இந்த மனிதரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. தவணையை யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது? றீற்றா அக்கா வாய் காக்க மாட்டா. உண்மையைச் சொன்னால், தவணை இல்லாத நேர்த்தி நேர்த்தியே இல்லை என்று வழக்குப் பேசி நேரே டெப்பனருக்குப் போய்விடுவாரோ என்றும் பயம். நெஞ்சு கேட்கவில்லை. கடைசி விரிப்பு போனதும் சொல்லிவிட்டேன்.

"இஞ்சை பாரும். நான் அண்டைக்குத் தவணை ஒண்டும் வைக்கேல்லை. நாக்கு வரேல்லை. எல்லாத்தையும் மாதாட்டையே விட்டுட்டன். இப்ப கோவிக்காதையும்."

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"இருந்திருந்தால் எப்பவோ உங்கட முகத்தில கண்டுபிடிச்சிருப்பன். உங்களுக்கு ஒண்டையும் ஒளிக்கத் தெரியாது. ரெண்டாம் மாதமே தெரியும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "பிறகேன் கிழமைக்குக் கிழமை என்ரை உயிரை எடுத்தனீர்? லாசால் மட்டும் பனிக்குள்ள வந்து நிண்டனீர்?"

"வெள்ளிக்கிழமை அக்கா," என்றார். "அந்த நேரம் ஆராவது ஒராள் எனக்கு இல்லை எண்டு சொல்லோணும். மற்ற நாளெல்லாம் நானே சொல்லிப்போடுவன்."

அவர் கையுறையை மடித்துப் பையில் வைத்தார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் கேட்டார்.

"முடிஞ்சுதோ?"

"இன்னும் இல்லை," என்றேன். அழுகையாக வந்தது. "போம்."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் போன் வரும். நான் சமைத்துக்கொண்டிருந்தால் என் மனுஷன் எடுத்து, "இன்னும் இல்லையாம்!" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அவரும் பழகிவிட்டார். தன்னுடைய சனிக்கிழமைப் போத்தலை அவர் எப்போது நிறுத்தினார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கேட்டால் வயிற்று எரிவு என்பார்.

நேர்த்திக்காரரின் மிச்சமிருந்த ஈரல் தன்னால் இயன்றவரை இழுத்தது. டொக்டர் சொன்னதைவிடக் கூடவே இழுத்தது. பிறகு வயிற்றுத் தண்ணீரில் கிருமி பிடித்து அவரைத் திரும்ப ஆஸ்பத்திரியில் போட்டார்கள். ஒரு துளி தொடாமலே இந்த வருத்தம் என்று மனைவி அழுதா. பழைய காயம் என்றா டொக்டர். நான் போய்ப் பார்த்தபோது நித்திரையில் இருந்தார். கழுத்தைச் சுற்றி ஆஸ்பத்திரிச் சட்டையின் நாடாவை யாரோ நேர்த்தியாகக் கட்டிவிட்டிருந்தார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் போன் வந்தது. மனைவி. "கதைக்க ஏலாமல் கிடக்கிறார்," என்றா. "ஆனா இண்டைக்கு வெள்ளிக்கிழமை எண்டு தெரியும். போனைக் கையால காட்டுறார். காதில வைக்கட்டோ?"

வையுங்கோ என்றேன். மற்றப் பக்கத்தில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. முடிந்தது, நீர் வென்றுவிட்டீர் என்று நல்ல சொல்லாக ஒன்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை.

"இன்னும் இல்லை!" என்று கத்தினேன். "கேக்குதோ? இன்னும் இல்லை! எழும்பி வீட்டை வாரும்!"

ஞாயிற்றுக்கிழமை அவர் போய்விட்டார். அன்று போனில் என் சத்தம் கேட்டு அவர் சிரித்தார் என்று மனைவி பிறகு சொன்னா. எனக்குக் கேட்கவில்லை. நான் கத்திக்கொண்டிருந்தேன்.